சுவரைப் பார்த்து நின்ற அம்பயர்

எனக்கும் அவருக்கும் அறிமுகம் ஏற்பட்டது ஒரு மன்னிப்புக் கடிதத்தால்.

ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த கட்டடத்தின் நிலவறையில் நான்கு சலவை மெசின்கள் இருந்தன. அவற்றில் இரண்டு வேலை செய்யும். சுவரில் தொங்கும் தாளில் பெயரையும் நேரத்தையும் எழுதிவிட்டு, முறை வரும்போது துணியோடு இறங்கிப் போகவேண்டும். அது எண்பத்தாறாம் ஆண்டு வசந்தம், நான் கனடாவுக்கு வந்து மூன்றாவது கிழமை. என்னுடைய முறைக்கு இறங்கிப் போனால், மெசினின் மூடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. நீல மையில் சாய்ந்த எழுத்தில் ஏழெட்டு வரிகள். அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் எழுதிய எந்தத் தாளைக் கண்டாலும், நாட்டை விட்டுப் போகச் சொல்லித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். தாளைப் பிய்த்தெடுத்து, துணி மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு பதினாலாம் மாடிக்குத் திரும்பிவிட்டேன்.

பின்னேரம் இவர் வேலையால் வந்து வாசித்தார். வாசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். என் கணவருக்கு எப்போதும் விஷயத்தைச் சொல்ல முதல் சிரித்து முடிக்கவேண்டும்.

"என்ன சிரிக்கிறீங்கள்? எங்களைப் போகச் சொல்லுறாங்களோ?"

"இல்லையப்பா. முன்வீட்டுக் கிழவர் எழுதியிருக்கிறார். உம்மட நேரத்தில ஆறு நிமிசத்தை எடுத்துப்போட்டாராம். மெசின் நிண்டது தெரியாமல் பேப்பர் வாசிச்சுக்கொண்டு இருந்திட்டாராம். மன்னிக்கட்டாம்."

"ஆறு நிமிசத்துக்கோ உவ்வளவு எழுத்து?"

"பொறும். ஆறு எண்டு எழுதி வெட்டிப்போட்டு, ஆறரை எண்டு எழுதியிருக்கிறார்."

அந்த அரை நிமிடம்தான் அவர். அதற்குப் பிறகு அவரைப் பற்றி நான் அறிந்துகொண்டதெல்லாம் அந்த அரை நிமிடத்தின் விரிவுதான்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது பழைய கிரிக்கெட் புத்தகம் ஒன்றை எடுத்துத் தேடுவார்கள். அதில் ஒரே ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள். யுத்தத்துக்கு முன்னர் ஆஸ்திரேலியாவுக்காக ஒரே ஒரு ரெஸ்ற் மட்ச் ஆடியவர் அவர். இவ்வளவுதானா என்று முதலில் கேட்பவரும் அவராகவே இருந்திருப்பார்.

நான் கண்டபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஆறடிக்கு மேலே உயரம். வெயில் அதிகம் இல்லாத இந்த ஊரில் நாற்பது வருடம் இருந்தும், இளமையில் பட்ட வெயில் கழுத்தில் செம்பழுப்பாக அப்படியே இருந்தது. வலது கையின் சுண்டு விரலைப் பந்து எப்போதோ முறித்துவிட்டதால், அவர் ஒரு பக்கம் காட்டினால் அது இன்னொரு பக்கம் காட்டும். யுத்தத்தில் காயப்பட்டு இங்கிலாந்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அங்கே தாதியாக வேலை செய்த ஒரு கனடியப் பெண்ணைக் கட்டி, அவளுடைய ஊர் என்று ரொறொன்ரோவுக்கு வந்தவர். இங்கே ரயில்வே ஒபீஸில் படம் வரைகிற வேலை. மனைவி இறந்த பிறகு எங்கள் மாடியில், எங்கள் கதவுக்கு நேர் எதிர்க் கதவில் தனியாக இருந்தார்.

நான் அப்போது கோட் தைக்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இன்னொரு நாள் சலவை அறையில் அவர் ஒரு வெள்ளைக் கோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் கிழிந்த பொக்கெற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை சும்மா இராது. கோட்டை வாங்கிக்கொண்டேன். பேசுவதற்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. ஊசி பிடிப்பதுபோல விரலைக் காட்டினேன். அவர் பொக்கெற்றில் கிடந்த கற்களை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எட்டுக் கூழாங்கற்கள், புளியங்கொட்டை அளவில். இந்தக் கற்கள்தான் பொக்கெற்றைக் கிழித்திருக்கின்றன. பைத்தியமோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

என் கணவர்தான் பிறகு அவரிடம் கேட்டு எனக்கு விளக்கினார். அம்பயர் என்பவர் பந்துகளை எண்ணுவதில் பிழை விடக்கூடாது. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கல்லை ஒரு பொக்கெற்றிலிருந்து மற்றதுக்கு மாற்றுவார். ஆறு முடிந்ததும் உரக்க "ஓவர்" என்பார், பந்து வீசுகிறவர் மாறுவார். "பிறகேன் எட்டு?" என்று கேட்டேன். அவர் ஆடிய காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஓர் ஓவருக்கு எட்டுப் பந்தாம். அவருடைய ஊர் ஆற்றங்கரையில் பொறுக்கிய கற்களாம். கனடாவில் ஆறுக்குத்தான் வேலை. மற்ற இரண்டும் மேல் பொக்கெற்றில் சும்மா இருக்கும். எறிய மனம் வரவில்லை என்றார் அவர். நான் பொக்கெற்றுக்கு உள்ளே இரட்டைத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அவர் வாசலில் காத்து நின்ற அந்த அரை மணித்தியாலமும் என் மகள் கற்களை நிலத்தில் அடுக்கி, அவருக்குத் தமிழில் எண்ணப் பழக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது மூன்று வயது. ஒண்டு, ரெண்டு என்று தொடங்கி எட்டோடு நின்றுவிடும். ஒன்பதாவது கல் இல்லாதபடியால் ஒன்பது அவருக்குத் தெரியாது.

எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளத்தாக்குப் பூங்கா ஒன்றில் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆடுவார்கள் என்பதைவிடச் சண்டை பிடிப்பார்கள் என்று சொல்லவேண்டும். அம்பயராக ஆடுகிற அணியிலிருந்தே ஒருவர் நிற்பார். தன் அணியின் ஆளை அவுட் என்று சொன்னால் அவருக்கு அன்று சாப்பாடு இல்லை. ஒரு ஞாயிறு இந்த மனிதர் வெள்ளைக் கோட்டோடு வந்து வேலி ஓரத்தில் நின்றார். மூன்றாவது சண்டை முடிந்ததும் உள்ளே வந்து, நான் நிற்கட்டுமா என்று கேட்டார். அன்றிலிருந்து சண்டை குறைந்தது. அவர் தன் பிழையைத் தானே சொல்லிவிடுவார் என்பதால் மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை.

எங்களுக்கு ஒரு பழக்கம். நாலு பேர் சேர்ந்து ஒரு விழா வைத்தால் பிரதம விருந்தினர் ஒருவர் வேண்டும். அவரை மேடையில் ஏற்றி, மாலை போட்டு, அவர் செய்யாததையெல்லாம் செய்ததாக ஒருவர் வரவேற்புரை வாசிக்கவேண்டும். விருந்தினர் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்து புன்னகைக்கவேண்டும். அந்தக் கோடை முடிவில் பெடியள் ஆறு அணிகளைச் சேர்த்து ஒரு சுற்றுப்போட்டி வைத்தார்கள். பிரதம விருந்தினர் யார் என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. என் கணவர் இரண்டு கிழமையாகக் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வரவேற்புரை பழகினார். நான் தொழிற்சாலையில் வெட்டி வீசிய பட்டுத் துணியில் பூச்செய்து மாலை கட்டினேன். நோட்டீசில் 'ஆஸ்திரேலிய அணியின் முன்னாள் தலைவர், சதங்களின் நாயகன்' என்று போட்டிருந்தது.

இவரின் தம்பி ரூபன் அந்த நோட்டீசை அவருக்குப் பெருமையோடு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறான். மனிதர் கழுத்தில் மாலையோடு எழுந்து மைக்கைப் பிடித்தார். சிரிக்கவில்லை. தான் எந்த அணிக்கும் தலைவராக இருந்ததில்லை என்றார். ஆடியது ஒரு மட்ச், இரண்டு இனிங்ஸிலும் எடுத்த ஓட்டங்களை இந்த ஒரு கையால் எண்ணலாம் என்று அந்தக் கோணல் விரலோடு கையை விரித்துக் காட்டினார். கைக்கு வந்த ஒரு கட்சைத் தவறவிட்டதாகவும், அதைத் தவறவிட்டதற்குச் சூரியன் காரணமில்லை என்றும் சொன்னார்.

மொழிபெயர்க்கும் பொறுப்பு இவருக்கு. இவர் மைக்கை வாங்கி, "எவ்வளவு தன்னடக்கம் பாருங்கோ! நூறு மட்ச் ஆடினவர், ஒரு மட்ச் எண்டு சொல்லுறார்" என்றார். பூங்கா அதிரக் கைதட்டல். அவர் முகத்தைப் பார்த்தேன். கைதட்டல் அளவுக்கு மிஞ்சி வந்ததில் அவருக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிறு மட்ச் தொடங்க முதல் இரண்டு அணிகளையும் வரிசையில் நிற்க வைத்து, ஒரு விரலைத் தூக்கி, "ஒண்டு" என்று தமிழில் சொன்னார். சொல்லிவிட்டு இவரை ஒரு பார்வை பார்த்தார். இவர் அன்று முழுக்க எல்லைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

அவர் ஏன் இப்படி என்று எனக்கு விளங்கியது புரட்டாதியில். அன்று கடைசி ஓவரில் ரூபன் துடுப்போடு நின்றான். பந்து துடுப்பின் ஓரத்தில் உரசிக்கொண்டு பின்னால் நின்றவரின் கைக்குப் போனது. எதிரணி முழுக்கக் கத்தியது. பந்து வீசியவன் குறுக்கே ஓடியதால் தனக்குத் தெரியவில்லை என்று அவர் தலையை ஆட்டினார். ரூபன் நின்றான், இன்னும் இரண்டு அடி அடித்தான், நாங்கள் வென்றோம். மட்ச் முடிந்து எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணிக்கு வந்தார்கள். வீட்டில் நானும் மகளும். கூட வந்தது இவரும் ரூபனும் அவரும். வீட்டிலுள்ள மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"அண்ணி, பட்டது. வடிவாப் பட்டது. கிழவர் காணேல்லை," என்று ரூபன் கையால் காட்டிச் சிரித்தான்.

கை காட்டியதற்கு மொழி தேவையில்லை. அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பட்டதா?" என்று கேட்டார். ரூபனின் சிரிப்பு நின்றுவிட்டது. பட்டது என்றான். அவர் கோபப்படவில்லை. காணாததைச் சொல்ல அம்பயருக்கு உரிமையில்லை, ஐயம் இருந்தால் அது துடுப்பாட்டக்காரனுக்குத்தான் சாதகம், ஆகவே என்னுடைய தீர்ப்பு சரி என்றார். பிறகு தன் கதையைச் சொன்னார். இவர் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார், இந்த முறை ஒரு சொல்லும் கூட்டாமல்.

அவருக்கு ஊரில் ஒரு சிநேகிதன். ஒரே பள்ளிக்கூடம்; சீமெந்துத் தரையில் பாய் விரித்து இரண்டு பேரும் ஒன்றாக ஆடிப் பழகியவர்கள். இருவரும் தங்கள் மாநில அணிக்கு வந்துவிட்டார்கள். நாட்டு அணியில் ஒரு இடம் காலியாக இருந்தது. அது சிநேகிதனுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிவாளர்கள் வந்து பார்த்த அந்த மட்சில் அவர் பத்து ஓட்டம்கூட எடுக்க முதல், பந்து துடுப்பை உரசிப் பின்னால் நின்றவரின் கைக்குப் போனது. மயிரிழை உரசல். அம்பயரை யாரோ மறைத்துவிட்டார்கள். அம்பயர் விரலைத் தூக்கும்வரை நிற்பதுதான் அங்கே வழக்கம், அவரும் நின்றார். நின்று சதம் அடித்தார். அந்த இடம் அவருக்குக் கிடைத்தது.

"மறுபக்கத்தில் ஓட்டத்துக்கு நின்றவன் அவன்தான்," என்றார். "அவனுக்கு உரசல் கேட்டது. என்னை ஒருமுறை பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான். கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை."

பிறகு யுத்தம் வந்தது. கிரிக்கெட் நின்றது. சிநேகிதன் யுத்தத்திலிருந்து திரும்பி வரவில்லை. புத்தகத்தில் தன் பெயருக்கு எதிரே இருக்கும் அந்த ஒரு மட்ச் அவனுடையது என்றார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரூபன் ஒரு கிழமை முழுக்க யோசனையாகத் திரிந்தான். அதற்கடுத்த கிழமை பழையபடி ஒவ்வொரு பந்துக்கும் கத்தினான்.

இனி எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லவேண்டும். அது ஒரு படுக்கையறை வீடு. வாடகை லீஸில் எழுதியிருந்தது இவர், நான், மகள் என்று மூன்று பேர். உள்ளே இருந்தது அதைவிட நிறைய. ரூபன், இவரின் தமக்கையான என் மச்சாள், அவருடைய கணவர், ரூபனோடு ஆடுகிற பெடியள் இரண்டு பேர். எல்லோருடைய அகதிக் கோரிக்கையும் விசாரணைக்குக் காத்திருந்தது. எல்லோருடைய கடிதமும் அந்த முகவரிக்குத்தான் வரும். வேலைக் கடிதம் இல்லாத ஆட்களுக்கு வேறு யாரும் வீடு தரமாட்டார்கள். பெடியள் மாறி மாறி வேலைக்குப் போவதால் மெத்தைகளின் சூடு ஆறவே ஆறாது. ஊர்ப் பழக்கத்தில் சப்பாத்து செருப்பெல்லாவற்றையும் கதவுக்கு வெளியே கழற்றிவிடுவோம். வீட்டுக்குள்ளே எத்தனை பேர் என்பதைக் குவியலாக வாசலில் வைத்திருக்கிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் எல்லாக் கதவுக்கும் கீழால் ஒரு தாள் வந்தது. லீஸில் பெயர் இல்லாத யாரும் வசிக்கக்கூடாது, வசித்தால் எல்லோரும் வெளியேறவேண்டும் என்ற அறிவித்தல். எனக்கு அது என்ன என்று தெரியாது. இவர் வரட்டும் என்று மேசையில் வைத்தேன். சிறிது நேரத்தில் வெளியே சத்தம் கேட்டுக் கதவின் துவாரத்தால் பார்த்தேன். முன்வீட்டுக்காரர் தன் பத்திரிகைத் தாள்களை விரித்து எங்கள் சப்பாத்துக் குவியலை மூடிக்கொண்டிருந்தார். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி மூடினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களுடைய சப்பாத்து அவ்வளவுக்கு அருவருப்போ?

அன்று தொடங்கியது. நடைபாதையில் எங்களில் யாரைக் கண்டாலும் அவர் திரும்பிச் சுவரைப் பார்த்து நிற்பார். கடந்து போகும்வரை அசையமாட்டார். லிப்ட் கதவு திறந்து உள்ளே நாங்கள் நின்றால், ஏறாமல் முதுகைக் காட்டுவார். தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால் கதவுக்குப் பின்னால் இருந்தே வேண்டாம் என்பார். பனி விழுந்து மட்சும் நின்றுவிட்டபடியால் அங்கேயும் காணமுடியாது. ஒரு நாள் மச்சாளும் பெடியள் இருவரும் நானும் மகளும் சாமான் பைகளோடு லிப்டால் இறங்கி வருகிறோம், அவர் எதிரே. கண்டதும் தீயணைப்புக் குழாய்ப் பெட்டியின் பக்கம் திரும்பிவிட்டார். மகள் என் கையை விட்டு ஓடிப்போய் அவருடைய காற்சட்டையைப் பிடித்து, "அங்கிள், ஒண்டு, ரெண்டு..." என்று தொடங்கினாள். அவர் திரும்பவில்லை. அவருடைய கை மட்டும் கீழே வந்து அவள் தலையை ஒருமுறை தடவியது.

"வெள்ளைக்காரன் தன்ர குணத்தைக் காட்டிப்போட்டான்," என்றார் மச்சாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆளைப் பிழையாக நம்பிவிட்டோம் என்பதைவிட, அவருக்காக அழுதேனே என்பதுதான் எனக்குக் கூடச் சுட்டது.

மாசியில் அவர்கள் வந்தார்கள். கட்டட சூப்பரின்ரெண்டனும், ஒபீஸிலிருந்து கறுத்த ஓவர்கோட் போட்ட ஒருவரும். சூப்பரின்ரெண்டன் ஜமெய்க்காக்காரர், நல்ல மனிதர். ஓவர்கோட்காரரின் கையில் பலகையில் செருகிய தாள். வீட்டுக்குள்ளே வருவதென்றால் முன்கூட்டியே எழுதி அறிவிக்கவேண்டும். அறிவித்தால் நாங்கள் மெத்தைகளை ஒளித்துவிடுவோம் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே சாட்சி தேடினார்கள். மாடியில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். கறிமணம் என்று முறைப்பாடு சொன்ன ஆட்கள்கூடக் கையெழுத்துக்குப் பின்னடித்தார்களாம். கடைசியாக அவருடைய கதவைத் தட்டினார்கள். பொய் சொல்லாத ஆள் என்று கட்டடம் முழுக்கத் தெரிந்த ஒரே ஆள்.

நான் கதவின் துவாரத்தில் கண்ணை வைத்தேன். இரவு வேலை முடித்து வந்த ரூபன் கதவில் காதை வைத்து மெதுவாக மொழிபெயர்த்தான். பின்னால் மெத்தைகளில் இரண்டு பேர் நித்திரை. இந்தக் குளிருக்குள் எட்டுப் பேரும் எங்கே போவது?

"எதிர் வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறார்கள்?"

"எனக்குத் தெரியாது," என்றார் அவர்.

"இத்தனை காலம் நேர் எதிரே இருக்கிறீர்களே?"

"ஒரு முறை உள்ளே போய்த் தேநீர் குடித்தேன். நான்கு பேரைக் கண்டேன். யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்று கேட்கவில்லை. அதன் பிறகு உள்ளே போகவில்லை."

"தினமும் இந்த நடைபாதையில்தானே அவர்கள் வந்து போகிறார்கள்?"

"நவம்பரில் உங்கள் தாள் வந்தது. அன்றிலிருந்து அவர்கள் வரும்போது நான் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கிறேன்."

"ஏன்?"

"பார்த்தால், நீங்கள் கேட்கும்போது சொல்லவேண்டி வரும்."

ரூபன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டான். நான் அவன் தோளில் இடித்தேன்.

"என்னவாம்? சொல்லன்ரா."

"அண்ணி..." என் பக்கம் திரும்பினான். "எங்களை எண்ணக்கூடாது எண்டுதானாம் சுவரைப் பாத்தவர்."

ஓவர்கோட்காரர் விடவில்லை. அப்படியென்றால் உள்ளே நிறையப் பேர் இருப்பது உங்களுக்குத் தெரியும் என்றார்.

"ஐயம் இருக்கிறது. ஐயத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஐயம் துடுப்பாட்டக்காரனுக்குத்தான் சாதகம்."

"யாருக்கு?"

ஓவர்கோட்காரர் திரும்பி சூப்பரின்ரெண்டனைப் பார்த்தார். ஜமெய்க்காக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றி வாயை மறைத்துக்கொண்டு இருமினார். தாளில் ஏதோ எழுதிக்கொண்டு இருவரும் லிப்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

நான் அப்படியே கதவடியில் இருந்துவிட்டேன். நாலு மாதமாக அந்த மனிதரை மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தால் எங்களைக் காட்டிக் கொடுக்காமல் இருக்க அவருக்கு வேறு வழியே இல்லை. வேறு யாரென்றாலும் மூன்று பேர் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள். அவருக்கு அது முடியாது. ஆகவே ஒரு குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்து நின்று, நாங்கள் தன்னை என்ன நினைக்கிறோம் என்று தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். விளக்கம் சொன்னாலே எண்ணியதாகிவிடும்.

அன்றைக்கே வடை சுட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். திறந்தார். முகட்டைப் பார்த்தபடி கையை நீட்டித் தட்டை வாங்கினார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எல்லாம் முடிந்துவிட்டது, இனிப் பார்க்கலாம் என்றேன்.

"இல்லை," என்றார் முகட்டிடம். "மட்ச் இன்னும் முடியவில்லை."

கோடையில் மறுபடியும் பூங்காவுக்கு வந்தார். அங்கே எங்கள் பெடியளை நேராகப் பார்த்துப் பேசுவார், அவுட் கொடுப்பார். மைதானத்தில் எத்தனை பேர் நின்றாலும் அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்பது அவர் கேள்வியில்லை. ஆனால் வீடு திரும்பும்போது கூட வரமாட்டார். பதினைந்து நிமிடம் பிந்தித் தனியாக வருவார். மச்சாள் இப்போது அவர் சுவரைப் பார்த்து நிற்பதைக் கண்டால், அந்த முதுகுக்குக் கைகூப்பிவிட்டுப் போவார்.

எண்பத்தேழாம் ஆண்டு புரட்டாதியில் எங்களுக்கு விடிந்தது. டோர்செட் பார்க்கில் ஒரே கட்டடத்தில் மூன்று வீடுகள் கிடைத்தன. நாங்கள் மூவரும் ஒன்றில், மச்சாளும் கணவரும் ஒன்றில், பெடியள் மூவரும் ஒன்றில். எல்லா லீஸிலும் எல்லோருடைய பெயரும் இருந்தது. சாமான்களை வான் வண்டியில் ஏற்றிவிட்டு, நானும் மகளும் சூப்பரின்ரெண்டனிடம் சாவியைக் கொடுத்தோம். மகளின் பொம்மை ஒன்று வெறும் வீட்டின் வாசலில் கிடப்பது நினைவு வந்து இருவரும் மேலே போனோம்.

அவர் தன் கதவைத் திறந்து வெளியே நின்றார். சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தார். அந்த நீலக் கண்களை அந்த நடைபாதையில் பத்து மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன்.

"சாவி கொடுத்தாயிற்றா?" என்று கேட்டார்.

"கொடுத்திட்டம்."

"அப்படியானால் சொல்லுங்கள். எத்தனை பேர்?"

எனக்கு அப்போது ஆங்கிலம் கொஞ்சம் வந்திருந்தது. ஆனாலும் விரல்களை விரித்துக் காட்டப் போனேன். அவர் வேண்டாம் என்று கையை அசைத்து, கம்பளிச் சட்டையின் பொக்கெற்றுகளிலிருந்து கற்களை எடுத்தார். எட்டும் இருந்தன. எல்லாவற்றையும் இடது பொக்கெற்றில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

நான் இவரின் பெயரைச் சொன்னேன். "ஒண்டு," என்று ஒரு கல்லை வலது பொக்கெற்றுக்கு மாற்றினார். என்னைக் காட்டினேன். "ரெண்டு." மகள் தன் நெஞ்சில் கையை வைத்தாள். "மூண்டு." ரூபன் என்றதும் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டு நாலாவது கல்லைப் போட்டார். மச்சாள், அவருடைய கணவர். பிறகு பெடியள் இருவருடைய பெயரையும் சொன்னேன். கனடாவில் வேலையில்லாமல் கிடந்த அந்த இரண்டு கற்களும் கடைசியாகப் போயின. "ஏழு. எட்டு."

இடது பொக்கெற்றைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் மிச்சமில்லை. நான் அழுதுகொண்டு நின்றேன். அவர் ஓரடி பின்னால் எடுத்து வைத்து, மைதானத்தில் நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி, அந்த மாடியில் எல்லாக் கதவுகளுக்கும் கேட்கும்படி, "ஓவர்" என்றார்.